ஒன்பதாம் பெட்டி

மார்ச் 4

வாலு,

இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள் திடீரென்று எதற்கு எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததுமே உனக்குத் தோன்றும். கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி.

உன் அண்ணனைப் பதினோரு நாளாகக் காணவில்லை. தொலைந்துபோகவில்லை, கிளம்பிப் போயிருக்கிறார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையிலிருந்து வீடு திரும்பியபோது செருப்பு இல்லை, பழுப்புப் பை இல்லை. ஷேவிங் சாமான் இருந்தது. போனை அணைத்து மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: 'பெட்டிகளைப் பார்த்துக்கொள். ஒன்பதைத் தொந்தரவு செய்யாதே.' எட்டு வருஷக் கல்யாணத்துக்கு ஐந்தே வார்த்தை. அதில் ஒன்றில்கூட நான் இல்லை.

போலீஸில் சொன்னேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரும்மா, வந்துடுவாரு" என்றார்கள். நாங்கள் சண்டை போடவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதாக இல்லை.

பெட்டி என்றால் என்ன பெட்டி என்று உனக்குத் தெரியும். நீ கடைசியாக வந்தபோது ஆறு இருந்தது. இப்போது முப்பத்தொன்று. பின்னறையில் சுவரோடு சுவராக மூன்று தட்டில் அடுக்கியிருக்கிறார். எல்லாம் குள்ள டரான்டுலா சிலந்தி. படத்தில் காட்டுகிற, உள்ளங்கை நிறைய உட்காருகிற ஜாதி இல்லை. நன்றாக வளர்ந்ததுகூடக் காலை விரித்தால் டீ கிளாஸின் வாய்க்குள் அடங்கிவிடும். முதுகில் செம்பு நிறத்தில் இதயம் மாதிரி ஒரு அடையாளம், வயிற்றில் கோடு. அழகு என்று உன் அண்ணன் சொல்வார். எனக்கு எட்டுக் கால்தான் தெரிகிறது.

பதினோரு நாளாக அந்த அறைக்குள் நான் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். எல்லாம் செத்துக்கொண்டிருக்கின்றனவோ, பெருகிக்கொண்டிருக்கின்றனவோ, தெரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை.

அவர் உன்னிடம் வந்தாரா? வந்திருந்தால் சொல். வராவிட்டால் நீயாவது வந்து இந்தப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போ. போனில் பேசினால் நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 9

அண்ணி,

கிழிக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் படித்தேன்.

அண்ணன் இங்கே வரவில்லை. வந்தால் சொல்லாமல் இருப்பேனா? வரவில்லை.

என்னால் வந்து பெட்டிகளை எடுக்க முடியாது. ரயிலிலேயே ஒன்பது மணி நேரம். எனக்கு இருப்பது மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறை. காலை ஆறரையிலிருந்து ஆளுக்கொரு மணி நேரம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் மட்டும் தனியாகத் தடித்துவிட்டது.

இன்னொன்று. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். நான் புருஷன் வீட்டைவிட்டு வெளியேறிய அன்று சூட்கேஸோடு உங்கள் வாசலில்தான் வந்து நின்றேன். டீ கொடுத்தீர்கள். கொடுத்துக்கொண்டே, "ஒரு வருஷம் பொறுத்துப் பாத்திருக்கலாமே வாலு" என்றீர்கள். அந்த டீயை நான் குடிக்கவில்லை. இப்போது உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. நானும் அதையே திருப்பிச் சொல்லலாம். சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று எழுதுவதும் சொன்ன மாதிரிதான், தெரியும்.

பெட்டி விஷயம். அண்ணன் எப்போதோ சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை மட்டும் ஈரமாக்குங்கள், முழுக்க நனைக்காதீர்கள். பெரியவற்றுக்கு வாரம் ஒரு சின்னச் சில்வண்டு. பொடிசுகளுக்குப் பறக்க முடியாத பழ ஈ; மேல்தட்டில் பஞ்சு அடைத்த புட்டிகளில் இருக்கும். போட்ட சில்வண்டை மறுநாளும் தொடாமல் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்குள் ஊதாதீர்கள். நம் மூச்சுக்காற்று அவற்றுக்குப் புயல்.

போன் செய்ய வேண்டாம். வகுப்பு நடுவில் எடுக்கமாட்டேன்.

வாலு


மார்ச் 14

வாலு,

அந்த டீயைப் பற்றி இப்போது பேச எனக்குத் தெம்பில்லை. மறந்துவிடவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

அறைக்குள் போனேன். கடையில் லென்ஸ் எடுக்கும் இடுக்கி, கைக்கு உறை, தலைக்குத் துணி. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆபரேஷனா?" என்று கேட்டாள். முப்பத்தொரு மூடி. ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் ஊதிவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். உலகத்தில் எல்லாரும் ஈயை விரட்டுகிறார்கள். நான் கரண்டியில் அள்ளிப் போடுகிறேன்.

இருபத்திரண்டாம் பெட்டியைத் திறந்தபோது அது மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. செத்துவிட்டது என்று நினைத்து ஒரு அட்டையால் அள்ளி, குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் மூடி ஒன்றில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து அழைப்பு. யாரோ ஒருவருக்கு ஃபிரேம் உடைந்து, ஒன்றும் தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று. ஓடினேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் மூடியில் இரண்டு சிலந்தி. ஒன்று வெறும் தோல், கையுறையைக் கழற்றிப் போட்டதுபோல. இன்னொன்று பக்கத்தில், வெளிறிப்போய், ஈரமாக. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று எழுதினால் சிரிப்பாய். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒரு கால் மட்டும் வளைந்திருக்கிறது. நான் அசைத்ததால்தான். தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்காக என்று கேட்காதே.

ஒன்பதாம் எண் வெளியே வருவதே இல்லை. தன் குழியின் வாயை வலையால் அடைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து உன் அண்ணனின் மேலாளர் இரண்டு முறை பேசினார். "எங்க லெட்டர் அவருக்குக் கிடைச்சுதாம்மா?" என்கிறார். என்ன லெட்டர்? ஊரில் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. மாடிப்படியில் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன்.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

அழாதீர்கள். வளைந்த கால் அடுத்த முறை தோல் உரிக்கும்போது நேராகிவிடும், கவலைப்படத் தேவையில்லை. மல்லாந்தால் அது சாகிற அடையாளமில்லை, உரிக்கிற அடையாளம். செத்தது காலை உள்ளே சுருட்டிக்கொள்ளும். உரிக்கும்போது தொடவே கூடாது, உடம்பு மெழுகு மாதிரி இருக்கும். சில்வண்டுகூட அதைக் கடித்துத் தின்றுவிடும்.

ஒன்பதைப் பற்றி இன்னும் விவரமாக எழுதுங்கள். வலை மெல்லிசா, காகிதம்போலத் தடித்திருக்கிறதா? வயிறு எவ்வளவு பெரிசு? வெந்தயம் அளவா, பட்டாணி அளவா? பின்பக்கம் வழுக்கையாக ஒரு இடம் இருக்கும், அது கறுத்திருக்கிறதா? கறுத்திருந்தால் தோல் உரிக்கப் போகிறது. உரித்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆணோடு சேர்ந்தபோது உள்ளே வைத்திருந்தது பழைய தோலோடு போய்விடும்; அப்புறம் அது கன்னிதான். உரிக்காமல் முட்டைப்பை கட்டினால்தான் குஞ்சு.

அதன் மூடியைத் திறக்கும்போது வலப்பக்கமாகத் தூக்குங்கள். இடது மூலையில் டேப் ஒட்டியிருக்கும், அந்த இடம் விரிசல்.

எல்லாவற்றையும் எழுதுங்கள் அண்ணி. சின்ன விஷயத்தைக்கூட விடாதீர்கள். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

வாலு


மார்ச் 23

வாலு,

அந்த மூடியை விரிசல் விடவைத்தது நான். துடைப்பக்கட்டை பட்டு. உன் அண்ணன் கிளம்பிப் போனதற்கு முதல்நாள். அவர்தான் டேப் வெட்டி ஒட்டினார். அதை உலகத்தில் இரண்டு பேர்தான் பார்த்திருக்கிறோம். நீ என் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் உன் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறார்.

இருபது நாளாக என்னைச் சவக்கிடங்குக்குப் போன் செய்யவைத்தாய். ஆமாம், செய்தேன். இரண்டு ஊரில். அடையாளம் கேட்டார்கள், இடது புருவத்தில் தழும்பு என்று நான் வாயால் சொன்னேன். அப்போதெல்லாம் நீ அவருக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

மேலாளர் கேட்ட அந்த லெட்டரும் கிடைத்தது. ஒன்பதாம் பெட்டிக்கு அடியில், சூடாக்கும் பாய்க்குக் கீழே மடித்து வைத்திருந்தார். ஜனவரி எட்டாம் தேதி இரண்டு பெண்களின் ரத்தக் குப்பியில் லேபிள் மாறியிருக்கிறது. ஒட்டியவர் உன் அண்ணன். நோய் இருக்கிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று அறிக்கை போயிருக்கிறது. ஆறு வாரம் மருந்தில்லாமல் இருந்திருக்கிறாள். நோயில்லாதவள் பத்து நாள் வேண்டாத மருந்தைத் தின்றிருக்கிறாள். மே ஆறாம் தேதி விசாரணை. வராவிட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதி மூடிவிடுவார்களாம்.

அவருடைய நோட்டுப்புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். தினமும் எழுதுவாரே, ஈரம் எவ்வளவு, எது தின்றது என்று. 'ஜனவரி 8. காலை. ஒன்பதோடு ஆணை விட்டேன். காலால் தட்டி அழைத்தது. இவளும் பதிலுக்குத் தட்டினாள். நாற்பது நிமிஷம். வேலைக்குத் தாமதம்.'

அதே தேதி. இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடு.

அண்ணி


மார்ச் 28

அண்ணி,

கடிதத்தைக் கொடுக்கவில்லை. கதவோரம் நின்று வாசித்தேன். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

என்னைத் திட்டுங்கள், ஆனால் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். போன மாதம் இருபத்திரண்டாம் தேதி வகுப்பு முடிந்து வந்தால் மாடிப்படியில் அண்ணன். குளிரில் விறைத்துப்போய், பையை மடியில் வைத்துக்கொண்டு. "அவகிட்ட சொன்னா நான் வேற எங்கயாவது போயிடுவேன் வாலு" என்றான். அந்த 'வேற எங்கயாவது' எங்கே என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கார்ச் சாவியைத் தூங்கும்போதும் இடுப்பில் வைத்திருக்கிறேன். போனை எடுத்தால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்றேன். சவக்கிடங்கு என்ற வார்த்தையை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பல் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பான், உட்காரச் சொன்னால் உட்காருவான். உங்கள் முதல் கடிதத்தை வாசித்தபோது, ஒன்பது என்ற இடத்தில் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், எனக்கு ஒரு வழி கிடைத்தது. அடுத்தடுத்துக் கேட்டேன், சொன்னான், எழுதினேன். இருபத்திரண்டாம் எண் உரித்துவிட்டது என்று வாசித்தபோது எழுந்து உட்கார்ந்து, "எந்தக் கால்?" என்று கேட்டான். அண்ணி, இருபத்துநாலு நாளில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஜனவரி எட்டை நீங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னதும் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

இப்போது வராதீர்கள். தோல் உரிக்கும்போது தொடக் கூடாது என்று எழுதினேனே, அண்ணனும் அப்படித்தான் கிடக்கிறான். கொஞ்சம் விட்டுவைப்போம்.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் அண்ணன் சிலந்தி இல்லை. சிலந்திக்குத் தோல் உரிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம், அதுவே உரித்துக்கொள்ளும். மனுஷனை அப்படிச் சுவர்ப்பக்கம் விட்டுவைத்தால் அழுகிப்போவான். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தாலும் சரி.

உன் கடிதம் வந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். ரயில் வந்தது, பெட்டியில் ஏறினேன், ஜன்னலோரம்கூடக் கிடைத்தது. கிளம்ப மூன்று நிமிஷம் இருக்கும்போது இறங்கிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவர் வேறு எங்காவது போய்விடுவாரோ என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவரை அந்தக் கோலத்தில் பார்த்தால் என் கோபம் போய்விடும். அதை இழக்க நான் தயாராக இல்லை. இப்போதைக்கு என்னை நிமிர்த்தி வைத்திருப்பதே அதுதான்.

ஜனவரியில் ஒருநாள் காலை அவர் சமையலறை வாசலில் நின்றார். டிபன் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது. எனக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. "வழியை விடுங்க" என்றேன். விட்டார். அது எந்தத் தேதி என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

அதனால் உன் டீ விஷயத்துக்கு வருகிறேன். நீ வந்து நின்ற அன்று, அந்த வீட்டில் உனக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உனக்கு ஒரு அறை ஒழித்துத் தர வேண்டியிருந்திருக்கும். அந்த அறையில் ஆறு பெட்டி இருந்தது. அதை நகர்த்தச் சொல்லி உன் அண்ணனோடு மல்லுக்கட்ட எனக்குச் சோம்பல். அதற்குத்தான் பொறுமை, ஒரு வருஷம் என்றெல்லாம் பேர் வைத்தேன். தப்பு என்னுடையது. உன்னை நான் அனுப்பியிருக்கக் கூடாது.

நேற்று ஒன்பதாம் எண் முட்டைப்பை கட்டிவிட்டது. வெள்ளையாக, நாவற்பழம் அளவில். இரண்டு முன்காலாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டார்ச் வெளிச்சம் பட்டால் பையோடு திரும்பிக்கொள்கிறது. சொல்லிவிடு.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியிருந்த பகுதியை அண்ணனுக்கு வாசிக்கவில்லை. அது எனக்கு மட்டும். மூன்று தடவை படித்தேன். இப்போதைக்கு வேறு வேலையைப் பார்ப்போம்.

டாக்டரிடம் போனோம். தூக்கவில்லை, ஏமாற்றினேன். என்னிடம் ஒரு தையல்காரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார், வயது அறுபத்திரண்டு. "பின் சீட்டில் கனத்துக்கு ஒரு ஆள் வேணும், வா" என்று அண்ணனை ஏற்றினேன். அந்த அம்மா வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு, "ஐயோ தம்பி, இது எந்தக் காலு?" என்று பின்னால் திரும்பிக் கேட்கிறார். அண்ணன், "முன்னாடி பாருங்கம்மா! முன்னாடி!" என்று அலறினான். ஒன்றரை மாதத்தில் அவன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிவிட்டான். தெரிந்தேதான் இறங்கினான் என்று நினைக்கிறேன்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒருநாள் போய்ப் பேசவும் வேண்டும். அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் பசிக்கிறது என்றான்.

இதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முட்டைப்பையை ஃப்ரீசரில் வைத்துவிடச் சொல்கிறான். வேண்டாத முட்டையை வளர்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், வலி தெரியாதாம். "அந்தப் பொம்பளைக்கு ஆறு வாரம் போச்சு. அதே நாள்ல எனக்குக் குஞ்சா? அதுங்கள நான் எப்படிப் பாப்பேன்?" என்கிறான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

முடிவு உங்களுடையது. ஒருவேளை வைத்துக்கொள்வதென்றால், இருபத்தைந்தாம் நாள் பையை எடுத்துத் திறக்க வேண்டும். விட்டுவைத்தால் மிரண்டு அதுவே தின்றுவிடலாம். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டேன். திட்டிக்கொண்டே படம் போட்டுக் கொடுத்தான். இத்தோடு வைத்திருக்கிறேன்.

வாலு


ஏப்ரல் 26

வாலு,

இதை முழுசாக அவருக்கு வாசி.

ஃப்ரீசர் கதவைத் திறந்து ஐஸ் தட்டை நகர்த்தி இடமும் செய்தேன். அவ்வளவு கோபம் எனக்கும் அந்தத் தேதி மேல். பிறகு மூடிவிட்டேன். லேபிள் ஒட்டியது உன் அண்ணன். பைக்குள் இருந்தவர்கள் யாரும் லேபில் வேலை பார்க்கவில்லை. அவர் செய்த தப்புக்கு இவற்றைக் கொன்றால் அந்தப் பெண்ணுக்கு ஒருநாளாவது திரும்பிக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் சொல்லச் சொல், இப்போதே வைக்கிறேன்.

இன்று காலை திறந்தேன். கடைக்கு லீவு. மேசையில் வெள்ளைத் துணி, கடையின் பூதக்கண்ணாடி, விளக்கு. தாயைப் பிரித்ததுதான் கஷ்டம். பிரஷ்ஷால் தள்ளினால் முன்காலைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நிற்கிறது. என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு; நான் ஐந்தடி நாலங்குலம். பயந்து இரண்டு முறை மூடியை மூடினேன். மூன்றாவது முறை அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பையை இழுத்துவிட்டேன். உள்ளே அது சுற்றிச் சுற்றித் தேடியது. அதைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

படத்தில் போட்டிருந்த இடத்தில்தான் வெட்டினேன். பட்டுத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். உள்ளே வெள்ளையாக, கண்ணாடி மணிகளுக்குக் கால் முளைத்ததுபோல. முதலில் எதுவும் அசையவில்லை. எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு கால் மடங்கியது. அப்புறம் இன்னொன்று. எழுபத்தொன்று உயிரோடு இருக்கின்றன. நாலு முட்டை மஞ்சளாகிவிட்டது, எடுத்துவிட்டேன். ஈரப் பஞ்சுக்கு மேல் மெல்லிய துணி போட்டு அதில் வைத்திருக்கிறேன்.

நேற்று மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். ஆறு வாரத்தால் என்ன கெட்டது என்று டாக்டர்களுக்கே இன்னும் சொல்லத் தெரியவில்லையாம். விசாரணைக்கு அவள் மகள் வருவாள். "அவரு வந்து நின்னாப் போதும்மா. வராம இருக்கறதுதான் அந்தப் பொண்ணுக்குத் தாங்கல" என்றார்.

என் பயம் போகவே இல்லை, கை நடுங்க நடுங்கத்தான் வெட்டினேன். அவரும் நடுங்கிக்கொண்டே வரட்டும்.

அண்ணி


மே 3

அண்ணி,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் உங்கள் கணவர். பத்திரமாக இறக்கிக்கொள்ளவும். 'இந்தப் பக்கம் மேலே' என்று முதுகில் எழுதலாமா என்று கேட்டேன், முறைத்தான். முறைக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறான்.

போன கடிதத்தை நான் வாசிக்க ஆரம்பித்ததும் கையை நீட்டினான். தானே படித்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் இன்னொரு தடவை படித்தான். "எழுபத்தொண்ணா? டம்ளரை வெச்சாளா? எனக்கே அந்த யோசனை வந்ததில்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவ என்னை உள்ள விடுவாளா?" என்று கேட்டான். "தெரியாது. போய் நின்னு பாரு" என்றேன். முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

மாத்திரைகள் பையின் வெளிப்பக்க ஜிப்பில். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. அங்கே பார்க்க வேண்டிய டாக்டரின் பெயரும் எழுதி வாங்கியிருக்கிறேன். சில நாள் நன்றாகப் பேசுவான், மறுநாள் சுருண்டுகொள்வான். பழையபடி ஆகிவிட்டதோ என்று பதறாதீர்கள். நான் நிறையப் பதறிவிட்டேன், பலனில்லை.

ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் வீடு வெறிச்சென்று இருக்கும் என்று இப்போதே தெரிகிறது. தாழ்ப்பாளைத் திருப்பி மாட்ட வேண்டும்.

வாலு


மே 24

வாலு,

சரக்கு வந்து சேர்ந்தது. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று.

கதவைத் திறந்தேன். படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். உன் கடிதத்தை நீட்டினார். வாங்கி, நின்ற இடத்திலேயே முழுசாகப் படித்தேன். அவரும் அப்படியே நின்றார். மடித்துவிட்டு, "பின்னறைக்குப் போகாதீங்க. முதல்ல என்கிட்ட உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அன்று முழுக்க நான்தான் பேசினேன். சவக்கிடங்கு இரண்டையும் சொன்னேன். இடையில் ஒருமுறைகூட அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளியே தள்ளியிருப்பேன்.

ஆறாம் தேதி இருவரும் போனோம். நீளமான மேசை, நாலு பேர், ஒரு மின்விசிறி. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆமாம், நான்தான் ஒட்டினேன், சரிபார்க்க வேண்டிய இரண்டாவது முறையைச் செய்யவில்லை. கடைசியில் அந்த மகள் கேட்டாள், சின்னப் பெண், இருபது இருக்கலாம். "அன்னைக்கு உங்க மனசு எங்க இருந்தது?"

தலைவலி, உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளே அலறினேன். அவர் சொன்னார்: "வீட்டுல. நான் சிலந்தி வளர்க்கறேன். அன்னைக்குக் காலையில அதுங்கள ஜோடி சேத்துட்டு வந்தேன். அது நினைப்பாவே இருந்தேன். உங்கம்மா ரத்தம் என் கையில இருந்தப்போ நான் அங்க இல்லம்மா."

யாரோ சிரிக்கப் போய் அடக்கினார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பொய் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வருஷம் லேபில் வேலை செய்யக் கூடாது. அதற்குப் பிறகும் ஆறு மாதம் இன்னொருவர் கண்காணிப்பில். எங்கள் கடையின் பின்பக்கம் லென்ஸ் கழுவித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போகிறார். ஒவ்வொன்றையும் நாலு தடவை துடைக்கிறார், முதலாளிக்கு எரிச்சல்.

குஞ்சுகள் கறுத்து, மிளகில் பாதி ஆகிவிட்டன. போன ஞாயிறு இருவருமாக உட்கார்ந்து எழுபத்தொரு புட்டியில் பிரித்தோம். அறுபத்தெட்டு, சரியாகச் சொன்னால், மூன்று போய்விட்டது. முதலில் தொடமாட்டேன் என்றார். நான் பிரஷ்ஷை நீட்டிக்கொண்டே இருந்தேன், கை வலிக்கும்வரை. வாங்கிக்கொண்டார். பாதியில் எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றார். திரும்பி வந்தார்.

நாங்கள் சரியாகிவிட்டோம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அவர் கூடத்தில் படுக்கிறார். காலையில் எழுந்ததும் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. இருந்தும் மறுநாளும் பார்க்கிறேன். அவருக்கு அது தெரியும். நேற்று செருப்பை எனக்குத் தெரிகிற இடமாக, வாசலின் நடுவில் விட்டிருந்தார். தடுக்கி விழப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் சிரித்ததற்காக எனக்கே கோபம் வந்தது.

எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது வாலு. மூன்று மாதமாக வாசலையும் பெட்டிகளையும் பார்த்துப் பார்த்து நானும் எங்காவது போக வேண்டும் போலிருக்கிறது. ஜூன் பத்தாம் தேதி டிக்கெட் எடுத்திருக்கிறேன். பத்து நாள் உன்னோடு இருப்பேன். இந்த முறை இறங்கமாட்டேன். அந்த வீட்டில் உனக்கு என்ன நடந்தது என்று முதல் நாளிலிருந்து சொல், கேட்கிறேன். எனக்குக் கார் ஓட்டவும் கற்றுக்கொடு. அறுபத்திரண்டு வயதுத் தையல்காரம்மாவால் முடிந்தால் எனக்கென்ன.

நேற்று அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்: "பத்தாம் தேதி காலை வண்டியில வாலு வீட்டுக்குப் போறேன். இருபதாம் தேதி சாயங்காலம் திரும்பி வருவேன். போன் கையில இருக்கும்." அவர் தலையாட்டினார். கொஞ்சம் கழித்து, "இவ்வளவு விவரமா சொல்லணுமா?" என்றார்.

"ஆமாங்க. போறவங்க இப்படித்தான் சொல்லிட்டுப் போகணும்" என்றேன்.

அண்ணி